விதைக்குள் ஓர் ஏவல்

(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



துவரையைச் செம்மண் கட்டி வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் நெடுங்காலமாக உண்டு. செம்மண்ணை நீரிற் கரைத்துத் துவரையோடு பிசறி, ஊறவிட்டு, வெயிலில் நன்கு உலர்த்திப் பானையில் இட்டு மூடுவர். தோல் எளிதிற் கழல்வதற்கும் அது துணை. வண்டு அண்டாமைக்கும் அதுவே காப்பு. பயற்று வண்டு செய்யும் கேட்டினை அறியாத தாய்மார் இவ்வவையில் ஒருவரும் இரார். புறத்தே நோக்கினால் விதை முழுதாகவே இருக்கும். அகத்தே புழு இருந்து மாவைத் தின்று கொழுத்து, வண்டாகி, ஒருநாள் தோலை வட்டமாக அறுத்துக்கொண்டு வெளிவரும். அதன் பின்னர் அவ்விதை அடுப்புக்கும் ஆகாது, வயலுக்கும் ஆகாது.

புறத்தே மண் பூசிக் காப்பதற்கு மாறாக, விதையின் அகத்தேயே வண்டுக்குத் தடை வைத்துவிட முடியுமா என்னும் கேள்வியை ஆத்திரேலியத் தலைநகரான கான்பெராவில் அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தார் 1990-களில் எடுத்துக்கொண்டனர். அவர்கள் எடுத்த விதை பட்டாணி. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் உழைத்து, வண்டையும் வென்று, முடிவில் 2005-ஆம் ஆண்டு அம்முயற்சியைத் தாமே கைவிட்டனர். ஏன் வென்றனர், வென்றபின் ஏன் விட்டனர் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், மரபணுவின் தலைமாட்டில் நிற்கும் ஒரு சிறு துண்டைப் பற்றி அறிதல் வேண்டும். இப்பொழிவு அத்துண்டைப் பற்றியது.

உயிர்களெல்லாம் கண்ணறைகளால் ஆனவை. 1665-இல் இராபர்ட்டு ஊக்கு என்னும் ஆங்கிலேயர் தக்கைச் சீவலை உருப்பெருக்கியில் வைத்து நோக்கி, அதில் தேனடையின் அறைகள் போன்ற சிற்றறைகளைக் கண்டு, அறை என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டார். ஆகலின் கண்ணறை என்னும் நம் சொல் நேராகவே பொருந்தி நிற்கிறது. ஒரு பட்டாணிச் செடியின் வேர்க் கண்ணறையிலும், இலைக் கண்ணறையிலும், பூவிலும், விதையிலும் அச்செடியின் மரபு நூல் முழுதும் ஓரெழுத்துக் குறையாமல் இருக்கிறது. வேரிலுள்ள நூலில் விதைப் புரதத்தின் ஏடும் உண்டு. விதையிலுள்ள நூலில் இலைப் பச்சையத்தின் ஏடும் உண்டு. அவ்வாறாயின், வேர் ஏன் விதைப் புரதத்தை ஆக்குவதில்லை? விதை ஏன் இலையாகிவிடுவதில்லை?

நூல் ஒன்றே எனினும், ஓரிடத்தில் ஓதப்படும் ஏடு மற்றோரிடத்தில் ஓதப்படுவதில்லை என்பதே விடை. தமிழெழுத்திலும் இதற்கு ஒரு சிறு நிழல் உண்டு. 'பல்' என்பதிலுள்ள பகரமும் 'தம்பி' என்பதிலுள்ள பகரமும் எழுத்தால் ஒன்றே. முன்னது வலிந்தும் பின்னது இளகியும் ஒலிப்பது இடத்தால் வந்த வேறுபாடு. இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுதல் ஆகாது. மொழியில் இடம் ஒலியை மாற்றுகிறது. உயிரிலோ இடம் பேச்சையே திறக்கவும் செய்கிறது, அடைக்கவும் செய்கிறது.

எந்த ஏடு எங்கே திறக்கப்பட வேண்டும் என்பதை அவ்வேட்டுக்கு முன்னால் எழுதப்பட்டுள்ள ஒரு சிறு பகுதி கூறுகிறது. அயலார் அதனைப் புரோமோட்டர் என்பர். தமிழில் சிலர் ஊக்கி என எழுதுகின்றனர். வினையூக்கி என்பது வேதியலில் வேறொரு பொருளுக்கு முன்னரே நிலைபெற்றுவிட்டமையால் அச்சொல் குழப்பம் தரும். மேலும், இப்பகுதி நடக்கும் வேலையை விரைவுபடுத்துவது மட்டுமன்று. 'இங்கே தொடங்கு, இப்பொழுது தொடங்கு, இவ்வளவு செய்' என்று ஏவுவது. ஆகலின் ஏவி என்றே சொல்வது தகும். ஏவல்வினை இன்னதென்று பள்ளிச் சிறுவனும் அறிவான். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. திசு என்று எழுதுவது ஆங்கில ஒலியைத் தமிழெழுத்தில் உடுத்துவதே. ஈழத்துப் பாடநூலார் அதனை இழையம் என்று அழகுற வழங்குகின்றனர். ஓர் இழையத்தில் மட்டும் ஏவுவது ஓரிழைய ஏவி. இனி இச்சொற்களே போதும்.

ஓரிழைய ஏவி பற்றிய அறிவு வளர்ந்த கதையில் அவரைக் குடும்பத்திற்கே தலைமையிடம் உண்டு. சந்தையில் மக்கள் பீன்சு என்று பச்சைக்காயாக வாங்குவதும், வடநாட்டார் இராசுமா என்று விதையாகச் சமைப்பதும் ஒரே செடியின் பயன்களே. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட அச்செடியை இப்பொழிவில் பீன்சு அவரை எனக் குறிப்போம். அதன் விதையிலுள்ள புரதத்தில் ஏறத்தாழப் பாதி பேசியோலின் என்னும் ஒரே புரதம். இலையில் அது இல்லை, வேரில் இல்லை, விதை முற்றும் காலத்தில் மட்டும் குவிகிறது. ஓரிடத்தில் இவ்வளவும் மற்றோரிடத்தில் ஒன்றுமில்லாமலும் ஆக்கும் ஏவி எத்துணைக் கண்டிப்பானதாக இருத்தல் வேண்டும்!

1981-இல் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் கெம்பு, ஆல் என்னும் இருவர் தலைமையில் இயங்கிய ஆய்வர்கள், பீன்சு அவரையின் பேசியோலின் மரபணுவைச் சூரியகாந்தி என வழங்கும் பொழுதுவணங்கியின் கண்ணறைகளுக்குள் செலுத்திவிட்டதாக அறிவித்தனர். இரு செடிகளின் ஆங்கிலப் பெயர்களையும் ஒட்டவைத்துச் 'சன்பீன்' என்று ஒரு பெயரும் உலகெங்கும் பரவியது. பெயரைக் கேட்டோர் புதுச்செடி ஒன்று பூத்துவிட்டதாகவே எண்ணினர். உண்மையில் கலத்தில் வளர்ந்த கண்ணறைத் திரளே அங்கே இருந்தது, செடி இல்லை. ஆயினும், ஒரு செடியின் மரபணு மற்றொரு செடியினுள் சென்று பேசும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1983-இல் முழு முடிவுகள் அச்சேறின. 1985-இல் அம்மரபணுவை, அதன் முன்னுள்ள ஏவியோடு, புகையிலைக்குள் செலுத்தி முழுச்செடியாக வளர்த்தபோதுதான் வியப்பு வெளிப்பட்டது. புகையிலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, கத்தரிக் குடும்பத்தது. அயற்குடும்பத்தில் குடியேறிய பின்னும் அந்த ஏவி தன் ஒழுங்கினை மறக்கவில்லை. புகையிலையின் விதையில், அதுவும் விதை வளரும் பருவத்தில், பேசியோலினை ஆக்குவித்தது.

இவ்வொழுங்கு எவ்வாறு காக்கப்படுகிறது? அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தில் ஆல் அவர்களின் குழுவினர் பின்னர்ப் பல்லாண்டு ஆராய்ந்து கண்ட செய்தி சுவை மிக்கது. மரபிழை கண்ணறைக்குள் நீட்டி விரித்த கயிறாகக் கிடப்பதில்லை. கதிரில் நூல் சுற்றியதைப் போல, சிறுசிறு புரத உருளைகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. இலையிலும் தண்டிலும், பேசியோலின் ஏவியின் உயிர்நிலையான பகுதி ஓர் உருளையின் மேல் இறுகச் சுற்றப்பட்டு மூடிக்கிடக்கிறது. ஓதுவதற்கு வரும் நொதி அதனைத் தொடவே இயலாது. விதையிலோ, விதைக்கே உரிய ஒரு புரதம் வந்து அவ்வுருளையை அகற்றிக் கதவைத் திறக்கிறது. திறந்த மாத்திரத்தில் வேலை தொடங்கிவிடுவதும் இல்லை. விதை முற்றும்போது மிகும் அப்சிசிக்குக் காடி என்னும் வளரூக்கி வந்து இசைவு தந்த பின்னரே ஓதுதல் தொடங்குகிறது. முதலில் இடம், பின்னர்க் காலம். இரண்டு பூட்டும் திறந்தாலொழியப் பேச்சில்லை.

ஏவிகள் எல்லாம் இத்துணைக் கண்டிப்பு உடையன அல்ல. பூக்கோசைத் தாக்கும் ஒரு நச்சுயிரியிடமிருந்து எடுத்த 35 எசு என்னும் ஏவி செடியின் ஏறத்தாழ எல்லா இழையங்களிலும் ஓயாது ஏவிக்கொண்டே இருக்கும். 1996 முதல் அமெரிக்காவில் பெரும்பரப்பில் விளைந்த களைக்கொல்லி தாங்கும் சோயா அவரையில் அமைந்தது அவ்வேவியே. அந்தச் சிறு துண்டு பல்லாண்டுக் காலம் மான்சாண்டோ நிறுவனத்தின் காப்புரிமைக்குள் இருந்தது என்பதும் நினைக்கத்தக்கது. மரபணு மட்டுமன்றி, ஏவலும் உடைமையாயிற்று. இலைக்கு உரிய ஏவி பட்டாணியிலிருந்தே கிடைத்தது; காற்றிலுள்ள கரியைக் கைப்பற்றும் நொதியின் மரபணுவுக்கு முன் நிற்கும் அது, ஒளி பட்டால் ஏவும், இருளில் அடங்கும். அவரைக் குடும்பத்திற்கே உரிய வேர்முண்டுகளுக்கும் தனி ஏவி உண்டு. அம்முண்டுகளை அறுத்துப் பார்த்தால் குருதிபோற் சிவந்திருப்பதற்கு ஏதுவான புரதத்தின் ஏவியைச் சோயா அவரையிலிருந்து எடுத்து வேறோர் அவரையினச் செடியில் வைத்தபோது, அது வேர்முண்டில் மட்டுமே வேலை செய்தது. இது 1986-இல் வெளிவந்த முடிவு.

இவற்றுள் உணவோடு நேரே தொடர்புடையது விதை ஏவியே. பயறு என்றாலே உண்ணப்படும் விதை அன்றோ!

விதை ஏவியால் விளைந்த நன்மைக்கு இரண்டு சான்று காட்டலாம். இலூப்பின் என்பது ஆத்திரேலியாவில் கால்நடைத் தீவனமாக விளையும் ஓர் அவரையினம். அவரையின விதைகள் பலவற்றைப் போலவே அதற்கும் கந்தகம் பொதிந்த மெத்தியோனின் குறைவு. பொழுதுவணங்கி விதையின் ஒரு புரதத்தில் அது மிகுதி. அப்புரதத்தின் மரபணுவை இலூப்பினின் விதையில் மட்டும் பேசுமாறு அமைத்தபோது, விதையின் மெத்தியோனின் 94 விழுக்காடு உயர்ந்தது. அவ்விதையைத் தின்ற எலிகள் கூடுதலாக எடை ஏறின. 1997-இல் வெளிவந்த இம்முடிவிலேயே இன்னொரு வரியும் இருந்தது: கந்தகம் பொதிந்த மற்றொரு பொருளான சிசுட்டீன் 12 விழுக்காடு குறைந்தது. விதையிலுள்ள மொத்தக் கந்தகம் கூடவில்லை. ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறியதே பெரும்பகுதி. ஏவி கட்டளை இடலாம். கருவூலத்தை நிரப்ப அதனால் இயலாது.

மற்றொன்று சோயா அவரையின் எண்ணெய். அதிலுள்ள ஒலியிக்குக் காடியை மற்றொன்றாக மாற்றிவிடும் நொதியை அடக்கிவிட்டால் எண்ணெய் எளிதிற் காறாது. ஆனால் செடியின் இலைக்கும் வேருக்கும் அம்மாற்றம் தேவை. அவற்றின் கண்ணறைச் சவ்வுகள் அதனால் ஆனவை. எங்கும் அடக்கினால் செடி நலியும். ஆகலின், சோயா விதையிலேயே இயல்பாக இருக்கும் ஒரு புரதத்தின் ஏவியை வைத்து விதையில் மட்டும் அடக்கினர். இயல்பில் 20 விழுக்காட்டை ஒட்டியிருந்த ஒலியிக்குக் காடி 70 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்தது. இவ்வகைச் சோயா ஒன்றனை அமெரிக்க அரசு 2010-இல் வேளாண்மைக்கு விடுவித்தது. இங்கே ஓரிழைய ஏவி இல்லையேல் அம்முயற்சியே இல்லை எனலாம்.

இனிப் பட்டாணிக்கு வருவோம்.

பட்டாணி வண்டு நம் வீட்டுப் பயற்று வண்டின் உறவு; ஆயினும் பழக்கம் வேறு. பயற்று வண்டு பானைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். பட்டாணி வண்டோ வயலிலேயே பச்சைக் காயின் மேல் முட்டையிடும். புழு காயைத் துளைத்து, விதையைத் துளைத்து, உள்ளே அமர்ந்துவிடும். அதன் பின் மேலே தெளிக்கும் நஞ்சு அதனைத் தீண்டாது. ஆகவே காப்பு விதைக்குள் இருத்தல் வேண்டும்.

அக்காப்பு பீன்சு அவரையில் முன்னரே இருந்தது. மாவை உடைத்துச் செரிக்கச் செய்யும் நொதி அமிலேசு. அந்நொதியைப் பிணித்து முடக்கும் ஒரு தடுப்பிப் புரதம் பீன்சு அவரை விதையில் உண்டு. அதனைத் தின்ற புழு, வயிறு நிறைய மாவிருந்தும் செரிக்க மாட்டாமல் பட்டினியால் மடியும். ஈண்டு நஞ்சு என்பதைவிட வாய்ப்பூட்டு என்பதே பொருந்தும். இத்தடுப்பியின் மரபணுவை எடுத்து, விதை ஏவியொன்றை அதன் தலையிற் சூட்டிப் பட்டாணிக்குள் செலுத்தினர். 1994-இல், தட்டைப்பயற்றை அழிக்கும் வண்டு முதலானவை இப்பட்டாணியில் பிழைக்கவில்லை என்னும் முடிவு வெளிவந்தது. அடுத்த ஆண்டு பட்டாணி வண்டும் பிழைக்கவில்லை என வெளிவந்தது. 2000-இல் வெளிவந்த ஆய்வு வயலிலேயே செய்யப்பட்டது. தடுப்பி, பட்டாணி வண்டின் நொதியை 80 விழுக்காடு முடக்கியது. புழுக்கள் முதற்பருவத்திலோ இரண்டாம் பருவத்திலோ மடிந்தன. இதற்கு உடன்பிறப்பான மற்றொரு தடுப்பி 78 விழுக்காடு அமைப்பால் ஒத்திருந்தும் 40 விழுக்காடே முடக்கியது. புழு மடியாமல் வளர்ச்சி மட்டும் தாழ்ந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு வேண்டும். அவர்கள் சூட்டிய விதை ஏவி, பீன்சு அவரையில் இரத்தச் சிவப்பணுக்களைத் திரளச் செய்யும் புரதம் ஒன்றின் மரபணுவுக்கு உரியது. இராசுமாவை வேகவைக்காமல் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது அப்புரதத்தாலேயே. இதனைக் கேட்டவுடன், நச்சுப்புரதத்தின் துண்டையா பட்டாணியில் வைத்தார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்திற்கு இடமில்லை. ஏவியில் புரதம் ஏதும் எழுதப்படவில்லை. அதில் இருப்பது கட்டளை மட்டுமே. அரசன் ஓலையில் இருந்த முத்திரையை வேறோர் ஓலையில் ஒட்டினால், ஒட்டிய ஓலையின் செய்திதான் நிறைவேறும். பழைய ஓலையின் செய்தி கூடவே வந்துவிடாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதலும், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சாமையும் சொல்லைத் தெளிவாக அறிந்தால்தான் இயலும். ஊக்கி, தூண்டி என்று தெளிவற்ற சொற்களால் இதனைக் கேட்பவன் எதனை அஞ்சுவது என்றே அறியாமல் எல்லாவற்றையும் அஞ்சுவான். அல்லது எதனையும் அஞ்சான்.

அஞ்ச வேண்டியது வேறிடத்தில் இருந்தது. 2005-இல், ஆத்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்து மருத்துவ ஆய்வரும் அவ்வரசு நிறுவனத்தாரும் சேர்ந்து இப்பட்டாணியைச் சுண்டெலிகளுக்குத் தந்து பார்த்தனர். மரபு மாற்றிய பட்டாணியை உண்ட சுண்டெலிகளின் உடல் அத்தடுப்பியைப் பகையாகக் கண்டு எதிர்த்தது. பின்னர் அத்தடுப்பி மூச்சுவழி சேர்ந்தபோது நுரையீரலில் அழற்சி தோன்றியது. பீன்சு அவரையின் தடுப்பியை உண்ட சுண்டெலிகளுக்கு அவ்வாறு நேரவில்லை. மரபணு ஒன்றே, புரதத்தின் தொடரும் ஒன்றே. எங்கே வேறுபட்டது? புரதம் ஆனவுடன் கண்ணறை அதனை அப்படியே விட்டுவிடுவதில்லை. ஆங்காங்கே வெட்டும், சர்க்கரைத் துணுக்குகளை அதன் மேல் ஒட்டும். இவ்வொப்பனையைப் பீன்சு அவரை ஒருவகையாகவும் பட்டாணி சற்றே வேறுவகையாகவும் செய்தன. நுண்ணிய வேறுபாடுதான், அதனையே உடல் கண்டுகொண்டது என்று ஆய்வர் கருதினர். அவ்வாண்டிலேயே நிறுவனம் பட்டாணி முயற்சியை நிறுத்தியது. ஓர் ஆலையும் திறக்கவில்லை. ஒரு மூட்டையும் விற்கவில்லை.

கதை அங்கே முடிந்ததாகவே பலரும் எழுதுகின்றனர். அது நேர்மையன்று. 2013-இல் ஆத்திரியாவின் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் அதே கேள்வியை மறுபடியும் ஆராய்ந்தனர். அவர்தம் சுண்டெலிகளில் பீன்சு அவரையின் தடுப்பியும் பட்டாணியின் தடுப்பியும் ஒத்த விளைவையே தந்தன. மரபு மாற்றப்படாத பட்டாணியை உண்ட சுண்டெலிகளிற்கூட அத்தடுப்பியோடு பிணையும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. பட்டாணியில் இயல்பாகவே அதனையொத்த உறவுப்புரதம் உண்டு. ஆகவே, மரபு மாற்றத்தாலேயே தீங்கு வந்தது என்று அம்முடிவைக் கொண்டு கூற இயலாமற் போயிற்று.

அவ்வாறாயின் 2005-இல் நிறுத்தியது தவறா? தவறன்று. அன்று கையிலிருந்த சான்று நிறுத்தச் சொன்னது, நிறுத்தினர். பின்னர் வந்த சான்று முன்னதை ஐயுறச் சொன்னது, ஐயுற வேண்டும். முதலாய்வை மட்டும் எடுத்துக்கொண்டு முழங்குவோரும், இரண்டாம் ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டு எள்ளுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

இவ்விரு ஆய்வுகளும் எவ்வாறு முடிந்திருப்பினும், ஏவியைப் பற்றிய ஓர் உண்மை அசையாமல் நிற்கிறது. பட்டாணியில் ஏவி தன் கடமையில் தவறவில்லை. விதையில் ஆக்கு என்றது, விதையில் ஆயிற்று. எங்கே என்னும் கேள்விக்கு அது சரியான விடை. எத்தகையது என்னும் கேள்விக்கு ஏவியிடம் விடை இல்லை. 'இது ஓரிழைய ஏவி. ஆகவே தீங்கில்லை' என்று எவரேனும் கூறினால், இடத்தைப் பற்றிய உறுதியைப் பொருளைப் பற்றிய உறுதியாக மாற்றிக் கூறுகிறார் என்று பொருள். அதிலும் பயற்றில், விதையில் மட்டும் என்றால் உணவில் மட்டும் என்றே பொருள்படும். செம்மண் கட்டிய துவரையைக் கழுவினால் மண் போய்விடும். விதைக்குள் ஆக்கிய தடுப்பியை எந்த நீரிலும் கழுவ முடியாது.

இலையைத் தின்னும் புழுவுக்காயின் வழி வேறு. இலையில் மட்டும் ஏவி, விதையை விட்டுவிடலாம். தட்டைப்பயற்றைத் துளைக்கும் காய்ப்புழுவோ பூ மொட்டையும் தின்கிறது, காயையும் தின்கிறது, விதையையும் தின்கிறது. விதை முற்றிய பின் ஏவும் ஏவி அங்கே காலங்கடந்த காவல். புழுக்கொல்லிப் புரதம் ஏற்றிய தட்டைப்பயற்றுக்கு நைசீரிய அரசு 2019-இல் இசைவளித்தது. எந்தப் பூச்சி, எந்த உறுப்பு, எந்தப் பருவம் என்பதற்கேற்ப ஏவியைத் தேர்தல் வேண்டும். ஒருவழியே எல்லாவற்றிற்கும் ஆகாது.

இடத்தைப் பற்றிய உறுதியேனும் முழுமையானதா? அதனையும் ஆராய்ந்திருக்கின்றனர். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கடுமையானது, ஆனால் தெளிவானது. கண்ணறையையே கொன்றுவிடும் நஞ்சு ஒன்றன் மரபணுவுக்குப் பேசியோலின் ஏவியைச் சூட்டிப் புகையிலையில் வைத்தனர். ஏவி எங்கெல்லாம் ஏவுகிறதோ அங்கெல்லாம் கண்ணறை மடியும், மறைக்க வழியில்லை. செடி தழைத்தது, இலையும் தண்டும் நலமாக இருந்தன. விதைக்கரு மடிந்தது, அது எதிர்பார்த்ததே. கூடவே பூந்தாது உருவாகும் கண்ணறைகளும் மடிந்தன. விதைக்கு மட்டும் எனப் பெயர்பெற்ற ஏவி பூந்தாதிலும் பேசியது! 2004-இல் செருமனியின் காட்டர்சிலேபன் ஆய்வகத்தாரும், விதை ஏவிகள் எனக் கொள்ளப்பட்ட வேறு சில, விதையல்லாத இழையங்களிலும் ஏவுவதைக் கண்டு வெளியிட்டனர். பூந்தாது என்பது வீட்டுக்குள் அடங்கும் பொருளன்று. வண்டும் தேனீயும் அதனைச் சுமக்கின்றன.

தமிழ் கற்றோர் இதற்கு வியக்க மாட்டார்கள். யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாகும் என்று தொல்காப்பியர் இடவரையறை செய்தார். நன்னூலார் காலத்தில் அது ஆறு உயிரோடு முதலாகும் என்றாயிற்று. வந்து புகுந்த அயற்சொற்கள் இடத்தைத் தளர்த்தின. தொல்காப்பியர் காட்டிய எல்லை பொய்யன்று. ஆயினும் எல்லை என்பது காக்கப்படும் வரையிலேயே எல்லை. அது கிடக்கட்டும்.

அமெரிக்காவில் சோயா அவரையின் மெத்தியோனினைப் பெருக்குவதற்காகப் பிரேசில் கொட்டையின் புரதம் ஒன்றை அதில் ஏற்றிய முயற்சியையும் இங்கே சேர்த்து எண்ணலாம். அக்கொட்டை ஒவ்வாத 9 பேரின் குருதிநீரை எடுத்து ஆராய்ந்தபோது, 8 பேருடையது அச்சோயாவில் ஏற்றிய புரதத்தோடு பிணைந்தது. 1996-இல் அம்முடிவு வெளிவந்தது. அச்சோயா சந்தைக்கு வரவில்லை. முன்னரே கேட்டார்கள், ஆகலின் முன்னரே அறிந்தார்கள்.

கான்பெராவின் தடுப்பி பட்டாணியோடு நின்றுவிடவில்லை. அசாம் வேளாண் பல்கலைக்கழகத்தாரும் கான்பெரா ஆய்வரும் கூடி, அதனைக் கொண்டைக்கடலை விதையில் மிகுதியாக ஆக்குவித்த முடிவை 2004-இல் வெளியிட்டனர். தட்டைப்பயற்றிலும் ஏற்றினர். வியன்னாவில் சுண்டெலிகளுக்குத் தந்தவற்றுள் இவையும் இருந்தன. இந்தியாவில் மரபு மாற்றிய பயறு எதுவும் இதுவரை வேளாண்மைக்கு இசைவு பெறவில்லை. ஒருநாள் அவ்விசைவு கேட்டு ஒரு கொண்டைக்கடலை வருமாயின், அதன் ஏவி விதையில் மட்டும் ஏவுகிறதா, பூந்தாதிலும் ஏவுகிறதா என்று கேட்க வேண்டும். ஆக்கப்பட்ட புரதத்தைக் கடலையின் கண்ணறை எவ்வாறு ஒப்பனை செய்திருக்கிறது என்று, பீன்சு அவரையின் புரதத்தை வைத்து விடை கூறாமல், அக்கடலையிலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். இன்னும் ஒன்று. இராசுமாவைப் பச்சையாக எவரும் உண்பதில்லை. நன்கு வேகவைத்தே உண்பர். கொண்டைக்கடலையோ அவ்வாறன்று. செடியோடு பறித்த பச்சைக் கடலையைக் குழந்தைகள் உரித்து உரித்துத் தின்கின்றனர்; ஊறவைத்த கடலையை உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் காலையில் மெல்லுகின்றனர்; முளைகட்டியும் உண்கின்றனர். வேகவைத்த கடலைக்கு மட்டும் செய்த ஆய்வு அக்குழந்தைக்கும் அவ்விளைஞனுக்கும் விடையாகாது. பச்சைக் கடலையையும், ஊறிய கடலையையும், முளைத்த கடலையையும் தனித்தனியே ஆராய்ந்தீர்களா என்று கேட்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. அவர்கள் வெளியிடும் அறிக்கை தமிழில் இருந்தால் போதும்.